பில்லை சாஃப்ட்வேரே ஏற்றிவிடுகிறது, இனி கணக்காளருக்கு என்ன வேலை?

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். பி.காம். முடித்துவிட்டு, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பும், ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் யூனிட்டும் நடத்தும் ஒரு நிறுவனத்தில் 14 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். இப்போது முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்திருக்கிறார். பில்லை போட்டோ எடுத்தால் தானாகவே என்ட்ரி போட்டுக்கொள்ளும் சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் நேராக ஏறிவிடுகிறது. "அக்கவுண்ட்ஸுக்கு மூணு பேர் எதுக்கு, ஒருத்தர் போதுமே" என்ற பேச்சு அடிபடுகிறது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பேங்க்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டோடு (சரக்கு இருப்புப் பட்டியலோடு) கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, பிப்ரவரி தேதி போட்டு சில கொள்முதல் என்ட்ரிகளை என் லாகினில் ஏற்றச் சொல்கிறார். எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. 42 வயதில் இனி என்ன படிப்பது? பிளஸ் டூ படிக்கும் மகள் என்னைப் பார்த்து பி.காம். சேரப்போகிறேன் என்கிறாள். சேர்க்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் இரண்டாவதாக எழுதியிருப்பதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேலை என்ன ஆகும் என்பதை யோசிக்க உங்களுக்கு நாள் இருக்கிறது. பிப்ரவரி தேதி என்ட்ரியில் அப்படி நாள் கடத்த முடியாது.

அதைப் போடாதீர்கள். சரக்கு உண்மையில் உள்ளே வந்து, கேட் ரிஜிஸ்டரில் பதிவும் சப்ளையர் பில்லும், சரக்கோடு வரும் இ-வே பில்லும் இருந்து, என்ட்ரி மட்டும் விட்டுப்போயிருந்தால் அது வேறு விஷயம். ஏன் தாமதம் என்று நரேஷனில் (என்ட்ரிக்குக் கீழே எழுதும் விளக்கத்தில்) ஒரு வரி எழுதிவிட்டுத் தாராளமாகப் போடலாம். வராத தோலை வந்ததாக எழுதுவது பொய்க்கணக்கு. அதைக் காட்டி பேங்க்கில் பணம் எடுப்பது மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-வது பிரிவு கணக்கைத் திரிப்பதைப் பற்றிச் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 477ஏ. ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திருத்தும் எழுத்தர், அலுவலர், பணியாளர் ஆகியோரைத்தான் அந்தப் பிரிவு குறிவைக்கிறது. தண்டனை ஏழாண்டு வரை சிறை. "முதலாளி சொன்னார், போட்டேன்" என்று அங்கே போய்ச் சொன்னால் எடுபடாது. லாகின் உங்கள் பெயரில் இருக்கிறது.

உங்கள் நிறுவனம் பிரைவேட் லிமிடெட்டா, பார்ட்னர்ஷிப்பா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'கம்பெனி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் கேட்கிறேன். பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் உள்ள சாஃப்ட்வேரில்தான் கணக்கு எழுத வேண்டும். எந்த என்ட்ரி, யார் லாகினில், எந்த நாளில் போடப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்ற தடம் அதில் நிற்கும். அந்த வசதியை நிறுத்தி வைத்தார்களா என்பதையும் ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். பேங்க் கடன் லிமிட் 5 கோடிக்கு மேல் இருந்தால், காலாண்டுக்கு ஒருமுறை பேங்க்குக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று எழுதுவதும் ஆடிட்டர் கடமை. பார்ட்னர்ஷிப்புக்கு இந்த இரண்டு விதிகளும் இல்லை. ஆனால் நான் முதலில் சொன்ன பிரிவு யாரையும் விடாது.

எப்படி மறுப்பது என்றுதான் உங்கள் தயக்கம். முகத்துக்கு நேரே சண்டை போட வேண்டாம். "சார், பில்லும் கேட் சீட்டும் இருந்தா இப்பவே போட்டுடறேன். ரெண்டும் இல்லாம போட்டா ஆடிட்டில் நிக்காது, பேங்க் இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நாமதான் மாட்டுவோம்" என்று சொல்லுங்கள். அதையே பணிவாக மெயிலில் அனுப்பி, "எந்தெந்த பில்கள் என்று தெரிவித்தால் சரிபார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள், யாருக்கும் தராதீர்கள். உங்கள் நிறுவனத்தின் ஆடிட்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னால் சின்ன முதலாளி கேட்கக்கூடும். இன்னொன்று: அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். ஸ்டாக் குறைந்தால் பேங்க்கில் எடுக்கக்கூடிய தொகையான டிராயிங் பவர் குறையும், சம்பள வாரத்தில் பணம் கிடைக்காது என்ற பயம்தானே? அப்படியென்றால் பேங்க்கில் தற்காலிகமாகக் கூடுதல் லிமிட் கேட்கலாம், கையில் உள்ள ஏற்றுமதி ஆர்டரை வைத்து பேக்கிங் கிரெடிட் என்ற முன்கடன் கேட்கலாம், 60 நாளாக வராத பாக்கியை விரட்டலாம். மறுக்கும்போதே மாற்றுவழியையும் கையில் வைத்துக்கொண்டு போனால், அவர் காதில் அது எதிர்ப்பாக விழாது.

இத்தனைக்கும் பிறகு உங்களை வெளியே அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, உங்கள் வீட்டுச் செலவு எனக்குத் தெரியாது. ஆனால் பொய் என்ட்ரி போட்டவரைத்தான் பிரச்சினை வரும் நாளில் முதலில் கைகாட்டிவிட்டு எல்லோரும் ஒதுங்குவார்கள். அந்த நாளில் வேலையோடு பெயரும் போய்விடும். கணக்கு வேலையில் பெயர் போனால் இன்னொரு இடத்தில் சேர்வது மிகவும் கஷ்டம்.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று பேர் செய்த என்ட்ரி வேலையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நாள் வந்துவிட்டது என்பது உண்மைதான். உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக அதை மறைக்க மாட்டேன். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதே இது தொடங்கிவிட்டது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடியைத் தாண்டியவர்களையும் சேர்த்துக்கொண்டது. சப்ளையரின் பில் அவர் போடும்போதே அரசாங்கத்தின் போர்ட்டலில் ஏறிவிடுகிறது. அதை மறுபடி நீங்கள் உட்கார்ந்து டைப் அடிப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அந்த வேலை திரும்பி வராது.

ஆனால் அந்த பில் சரியா என்று சொல்லும் வேலை பெருகியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி போர்ட்டலில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் இருக்கிறது. சப்ளையர் ஏற்றிய ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, 14-ஆம் தேதி வரும் டூபி என்ற ஜிஎஸ்டி பட்டியலில் இன்புட்டாக (நீங்கள் கழித்துக்கொள்ளும் வரியாக) வந்து நிற்கும். சரக்கு கையில் வந்து சேராமல் இன்புட் எடுக்கக் கூடாது என்பது சட்டம். சென்னையிலிருந்து லைனிங் துணி கிளம்பிவிட்டது, பில்லும் ஏறிவிட்டது, ஆனால் லாரி இன்னும் வரவில்லை. அல்லது வந்ததில் பாதியை ஷேடு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாஃப்ட்வேர் பில்லையும் டூபி-யையும் ஒப்பிட்டு 'மேட்ச்' என்று பச்சை காட்டும். கேட்டுக்குப் போய் ரிஜிஸ்டரைப் புரட்டுவதும், ஸ்டோர் மேஸ்திரியிடம் "எத்தனை ரோல் இறங்குச்சு?" என்று கேட்பதும் உங்கள் வேலை.

அதேபோல ஜாப் ஒர்க். வெட்டிய தோலை அப்பர் தைக்க வெளியே அனுப்புகிறீர்கள். அதற்கு பில் கிடையாது, சலான்தான். பல இடங்களில் அந்த சலான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சரி. ஒரு வருடத்துக்குள் அந்தத் தோல் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வட்டியோடு வரி கேட்பார்கள். எந்த ஊருக்கு, யாரிடம், எத்தனை பீஸ் போனது, எத்தனை வந்தது, வெட்டுக்கழிவு எவ்வளவு என்று ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும். போட்டோ எடுக்கும் சாஃப்ட்வேருக்கு இந்த நோட்டுப் புத்தகம் இருப்பதே தெரியாது.

முதலாளி உங்கள் மதிப்பை ஒரே நாளில் உணர வேண்டும் என்றால் ஒரு வேலை சொல்கிறேன். சப்ளையர்கள் எல்லோருடைய உத்யம் சான்றிதழையும் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) வாங்கி ஒரு பட்டியல் போடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம், 100 கோடி வரை சிறு நிறுவனம். முதலீட்டுக்கும் தனி வரம்பு உண்டு. அதனால் உங்களுக்கு கெமிக்கல், லாஸ்ட் (ஷூ அச்சு), அட்டைப்பெட்டி தயாரித்துத் தருபவர்களில் பலர் இதற்குள் வருவார்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளையும் நடுத்தர நிறுவனங்களையும் விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போயாக வேண்டும். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்த ஆண்டு அது செலவாகவே ஏற்கப்படாது. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. 2026 ஏப்ரல் 1 முதல் பழைய 1961 சட்டத்தின் இடத்தில் புது வருமான வரிச் சட்டம் வந்தாலும் இந்த விதி அப்படியே தொடர்கிறது.

கணக்காகவே பார்ப்போம். ஜனவரி 5-ல் 8 லட்சத்துக்கு கெமிக்கல் வந்து இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் தவணை என்று பேசி எழுதியிருக்கிறார்கள். 60 என்று எழுதினாலும் சட்டத்துக்கு 45-தான், பிப்ரவரி 19-ல் கெடு முடிந்தது. மார்ச் 31 வரை கொடுக்கவில்லை. அந்த 8 லட்சமும் லாபத்தோடு சேரும். பார்ட்னர்ஷிப் ஃபர்ம் என்றால் 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக 2,49,600 ரூபாய் வரி. அடுத்த ஆண்டு பணம் கொடுத்தபின் அந்தச் செலவு கிடைக்கும், ஆனால் இந்த ஆண்டு கையிலிருந்து பணம் போய்விட்டதே! தாமதத்துக்கு சப்ளையர் வட்டி கேட்டால் அது ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியையும் செலவாகக் காட்ட முடியாது. பிப்ரவரி 10-ஆம் தேதியே "சார், இந்தப் பார்ட்டிக்கு 19-க்குள்ள பணம் போகணும்" என்று நீங்கள் ஒரு தாள் நீட்டியிருந்தால் இரண்டரை லட்சம் கையிலேயே நின்றிருக்கும். நடந்து முடிந்ததை எழுதுவதில்தான் இதுவரை உங்கள் நாள் கழிந்தது. இனிமேல் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். உங்கள் தொழில் மாறும் திசை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆர்டர்வாரி காஸ்டிங்கையும், அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆகும் செலவுக் கணக்கையும், கையில் எடுங்கள். ஒரு ஜோடி அப்பருக்கு 2 சதுர அடி தோல் என்று கணக்குப் போட்டு விலை பேசியிருப்பார்கள். கட்டிங்கில் 2.2 அடி போகிறது. சதுர அடி 120 ரூபாய் என்றால் ஜோடிக்கு 24 ரூபாய் நஷ்டம், 10,000 ஜோடி ஆர்டரில் 2,40,000. ஆண்டு முடிவில் "லாபம் குறைஞ்சிடுச்சு" என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள், எங்கே குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் 500 ஜோடி வெட்டியதுமே கட்டிங் மாஸ்டரின் இஷ்யூ சீட்டையும் வெளியே வந்த பீஸையும் வைத்து நீங்கள் சொல்லிவிடலாம். மூன்று பேரில் ஒருவரைக் காஸ்டிங்குக்கும், ஒருவரை ஜாப் ஒர்க், ஸ்டாக் கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்கள் வேலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்காமல் கூட இருப்பவர்களுக்காகவும் பேசுங்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

நம் வட ஆற்காட்டுத் தோல் தொழிலில் கணக்கு எழுதுபவர் என்பதால் உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனசுக்கு மிக நெருக்கமானது. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது, நாடு முழுக்க சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம், வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய இன்னொரு வழக்கில், சேதம் சரியாகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும் என்றது. இதில் கணக்காளருக்கு என்ன வேலை? கிணறு கெட்டது, நிலம் உப்புப் படிந்தது, ஜனங்கள் குடிதண்ணீருக்கு அலைந்தார்கள். இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது, ஆனால் எந்த லெட்ஜரிலும் அந்த விலைக்கு ஒரு வரி கூட இல்லை. பில் வராத கடனையும் மதிப்பிட்டுக் காட்டச் சொல்கிறது கணக்கியல் தர நிர்ணயம் 29. இழப்பீட்டு நோட்டீஸ், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தர வேண்டிய பங்கு, நிலுவையில் உள்ள வழக்கு என்று உங்கள் ஷாப்புக்கு எது இருந்தாலும் அது பீரோவுக்குள் கிடக்கக் கூடாது, ஆடிட்டர் மேஜைக்கு வர வேண்டும்.

வெளிநாட்டு பையர்களும் இப்போது இதைக் கேட்கிறார்கள். தோல் தொழிலின் சுற்றுச்சூழல் தரத்தைச் சான்றளிக்கும் லெதர் ஒர்க்கிங் குரூப் அமைப்பின் சான்றிதழுக்கு வரும் ஆய்வில், தோல் பதப்படுத்த எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, பச்சைத்தோல் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் பார்ப்பார்கள். ஈபி பில், தண்ணீர் லாரி வவுச்சர், கெமிக்கல் இஷ்யூ சீட்டு, தோல் கொள்முதல் பில் எல்லாம் யாரிடம் இருக்கின்றன? உங்களிடம்தான். இவற்றை மாதாமாதம் சதுர அடிக் கணக்கில் தொகுத்து வைத்தால், ஆய்வு வரும் வாரத்தில் யாரும் எண்களைக் கற்பனையில் எழுத வேண்டியிருக்காது. கற்பனை எண் போன ஆய்வால் ஆற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஏஐ பற்றி ஒரு வார்த்தை. பயப்படாமல் பயன்படுத்துங்கள். எக்செல் ஃபார்முலா கேட்கலாம், கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லலாம். ஆனால் ஜிஎஸ்டி நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது அது தரும் பிரிவு எண்ணையும் தீர்ப்பையும் மூலத்தில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். 2024 டிசம்பர் கடைசியில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு அறக்கட்டளை வழக்கில் போட்ட உத்தரவில், எங்குமே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்திருந்தன. சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். தீர்ப்பாயத்துக்கே அந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! கம்பெனியின் பேங்க் விவரம், சம்பளப் பட்டியல், பார்ட்டிகளின் பான் எண் ஆகியவற்றையும் அதில் போடாதீர்கள்.

என்ன படிப்பது என்று கேட்டீர்கள். 42 வயதில் சி.ஏ. படிக்க முடியாது என்றில்லை, ஆனால் வேலையும் வீடும் வைத்துக்கொண்டு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். பி.காம். இருப்பதால், மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தரும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம். பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் மத்திய அரசின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வில் தேற வேண்டும், நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையே பாதி பாடம். தேறிவிட்டால் குடியாத்தத்தில் கைலி நெசவு, தீப்பெட்டி, மளிகை மொத்த வியாபாரம் என்று எத்தனையோ சிறு ஆட்கள் ரிட்டர்ன் போட நம்பிக்கையான ஒருவரைத் தேடுகிறார்கள். இப்போதைய வேலை நிலைத்தாலும் இது கையில் இருக்கட்டும். சின்ன முதலாளியிடம் பேசும்போது குரலில் நடுக்கம் இருக்காது.

மகளைத் தாராளமாகச் சேருங்கள். குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியிலேயே பி.காம். இருக்கிறது, தினமும் பஸ் ஏறி வேலூர் வர வேண்டியதில்லை. ஆனால் வெறும் பி.காம். மட்டும் போதாது. டேலி சான்றிதழை நம்பி வேலை கிடைத்த காலம் போய்விட்டது. டிகிரியோடு சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனை எழுதட்டும், எக்செல் நன்றாக வர வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு மெயில் தானாக எழுத வேண்டும். சி.ஏ.வில் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது, ஃபவுண்டேஷன் தேர்வு வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் பிளஸ் டூ ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.